கோடாலித் தலையைத் தனியாக விற்றால் என்ன?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நுவரெலியா மாவட்டத்தில் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் 32 வருடம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள் நான். பத்திரிகைக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. விஷயம் சின்னது, ஒரு கோடாலிக் காம்பு. ஆனால் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயங்களில் விறகு பிளக்கிற வேலை பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுகிறது. அதனால் எழுதுகிறேன்.

கவ்வாத்து முடிந்த மலையில் மிலாறு, அதாவது வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சி, பொறுக்கி வந்தால் அன்றாட அடுப்பு எரிந்துவிடும். மழை பிடித்துக்கொண்டால் கட்டை விறகு வேண்டும். 2022 இல் காஸ் தட்டுப்பாட்டில் வரிசையில் நின்று அலுத்த டவுன்காரர்கள் எங்கள் பக்கம் வந்து விறகு கேட்டது ஞாபகம் இருக்கிறது.

போன தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வந்த மகன், வழியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் விறகு பிளக்கிற கனத்த கோடாலி ஒன்றை வாங்கி வந்தான். ஒரு பக்கம் ஆப்பு மாதிரித் தடித்த வாய், மறுபக்கம் சம்மட்டி. தலையில் 8 இறாத்தல் என்று பொறித்திருந்தது, கிட்டத்தட்ட மூன்றரைக் கிலோ. (எனக்கு 6 இறாத்தலே போதும். ஆசையாக வாங்கி வந்த பிள்ளையிடம் அதைச் சொல்ல முடியுமா?) தலை நல்ல இரும்பு, அதில் குறையே இல்லை. காம்புதான் 36 அங்குல நீளம், என் கைக்கு அடங்காத தடிப்பு, மேலே கண்ணாடி மாதிரி வார்னிஷ். நானோ ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு.

மூன்றாவது வாரமே தலை ஆட ஆரம்பித்தது. வாளித் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப் போடச் சொன்னார்கள், போட்டேன். இரண்டு நாள் இறுக்கமாக இருந்தது, பிறகு முன்னைவிட மோசமாக ஆடியது. இரும்புத் துளைக்குள் மரம் ஊதினால் அதன் நார் நசுங்கும், காய்ந்ததும் முன்பிருந்ததைவிடச் சுருங்கிவிடும். தச்சாசாரிக்குக் கையாளாக இருந்த அப்பாவின் மகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும், அவசரத்தில் மறந்துவிட்டது. அதன்பிறகு ஆணி அடித்தோம், அது அடுத்த பிழை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓங்கிய வேகத்தில் காம்பு தலைக்குக் கீழே முறிந்து, தலை பறந்துபோய் அடுத்த வீட்டுத் தண்ணீர் பீப்பாயைப் பிளந்தது. பிள்ளைகள் அப்போதுதான் தண்ணீர்ப் பீலிக்குப் போயிருந்தார்கள்.

"பொம்பளக் கைக்கு அது நிக்காது" என்றார்கள். முறிந்த இடத்தை நான் விரலால் தடவிப் பார்த்தேன். நார் காம்பின் நீளத்துக்கு ஓடவே இல்லை. ஒரு பக்கத்தில் தொடங்கிச் சரிந்து, ஒரு சாண் தள்ளி மறுபக்கத்தில் வெளியேறியிருந்தது. ஆணி பாதி வழி பிளந்து கொடுத்திருந்தது, மீதியை என் கை முடித்தது, அவ்வளவுதான். சொந்த ஆட்களுக்கே கேடு செய்கிறவரைக் கோடாலிக் காம்பு என்று ஏசுகிறோமே, எனக்கு அன்றைக்கு அந்தக் காம்பின் மேல் பரிதாபம்தான் வந்தது.

பக்கத்துக் காம்பராவில் (லயத்து அறையில்) இருக்கிற தம்பி ஜீ.ஐ. இரும்புப் பைப் வைத்து வெல்டிங் பண்ணித் தருகிறேன் என்றான். அவனுடையது அப்படித்தான். வாங்கிப் பத்து அடி அடித்துப் பார்த்தேன், அதிர்ச்சி முழுக்க முழங்கைக்கு ஏறியது. எங்கள் ஊர்க் குளிரில் விடியற்காலையில் அந்தப் பைப்பைப் பிடிப்பதே ஒரு தண்டனை. நல்ல மரம் அதிர்ச்சியில் ஒரு பங்கைத் தானே வாங்கிக்கொள்ளும்.

லயத்துக்குப் பின்னால் பாதையை அகலமாக்கியபோது வெட்டிப் போட்ட கொய்யா அடிமரம் ஒன்று கிடந்தது. அப்பா கோப்பியைத்தான் முதலில் தேடுவார், கிடைக்காவிட்டால் கொய்யா. இரண்டும் நெருக்கமான, உறுதியான மரங்கள். காம்புக்கு மரத்தை வாளால் அறுக்கக் கூடாது, ஆப்பு வைத்துப் பிளக்க வேண்டும் என்பார். அறுத்தால் வாள் போன வழி, பிளந்தால் நார் போன வழி. நடுக் குருத்தை ஒதுக்கிவிட்டு நேராகப் பிளந்த இரண்டு துண்டை எடுத்து, வெடிக்காமல் இருக்க முனைகளில் சாணி அப்பி, அடுப்புக்கு மேலே பரணில் போட்டேன். நாலு மாதம் புகையில் கிடந்தது. பச்சையாக மாட்டினால் மறுபடி சுருங்கி ஆடும், அந்தப் பாடம் போதும்.

ஒரு துண்டைக் கவ்வாத்துக் கத்தியால் சீவி, உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டி மழமழப்பாக்கினேன். உருண்டையாக விடாமல் முட்டை வடிவமாகச் சீவினேன், அப்போதுதான் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கைக்குத் தானே தெரியும். வயது வளையங்களின் கோடு வாய் இருக்கிற திசையிலேயே ஓடும்படி பார்த்துக்கொண்டேன். அடிமுனையை வழுகாமலிருக்கக் கொஞ்சம் புடைப்பாக விட்டேன். நீளம் 30 அங்குலம். இதில் ஓர் ஆபத்து உண்டு, மறைக்க மாட்டேன். காம்பு குட்டையானால் குறி தவறிய அடி காலுக்கு வரும். அதனால் பெரிய அடிக்கட்டை ஒன்றின் மேல் வைத்து, கால்களை அகட்டி நின்றுதான் பிளக்கிறேன். உயரமானவர்கள் 36 அங்குலத்தையே வைத்துக்கொள்ளட்டும்.

தலையை மாட்டுவதற்கு அப்பா காட்டிய வித்தை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். தலை கீழே தொங்கும்படி காம்பை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு, மேலே இருக்கிற அடிமுனையில் மரச்சுத்தியால் தட்ட வேண்டும். கனத்த தலை இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும், காம்பு அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி இறுகும். காம்பின் தலைப்பக்க முனையில் முன்கூட்டியே அறுத்து வைத்த பிளவில் காய்ந்த மர ஆப்பை அடித்து, கால் அங்குலம் வெளியே நிற்க விட்டு மிச்சத்தை வெட்டினேன். ஆணி கிடையாது. தலைக்குக் கீழே நாலு விரல் அகலத்துக்குப் பழைய சைக்கிள் டியூப்பை இறுக்கிச் சுற்றினேன், அடி தவறி விறகின் விளிம்பில் படுவது அந்த இடம்தான். வார்னிஷுக்குப் பதில் லின்சீட் (ஆளி விதை) எண்ணெய். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப் போடுங்கள்.

இப்போது ஐந்து மாதம் ஆகிறது, தலை ஆடவில்லை. தேயிலைக்கு நிழலாக நிற்கிற சவுக்கு (சில்வர் ஓக்) ஒரே அடியில் வாய் பிளக்கிறது. யூகலிப்டஸ் முறுக்கு மரம், பச்சையாக இருக்கும்போதே ஓரத்திலிருந்து தொடங்கினால்தான் வழிக்கு வரும்.

ஹார்ட்வெயார் கடைக்காரர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். தலையைத் தனியாகவும் விற்கட்டும். முறியப் போகிற காம்புக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு அதை அடுப்பில் போட வேண்டியிருக்கிறது. காம்பும் விற்கத்தான் வேண்டுமென்றால், வார்னிஷ் பூசாமல் நார் தெரிகிற மாதிரி, இரண்டு நீளத்தில் வைத்தால் நாங்களே பார்த்து எடுத்துக்கொள்வோம்.

தலவாக்கலையிலோ ஹட்டனிலோ அப்படி விற்கிற கடை ஏற்கெனவே இருந்தால், தெரிந்த வாசகர்கள் இந்தப் பகுதியிலேயே ஒரு வரி எழுதுங்கள். என் தங்கச்சிக்கு 6 இறாத்தல் தலை ஒன்று வேண்டும். அவளுக்கான கொய்யாத் துண்டு இன்னும் பரணில்தான் கிடக்கிறது.

இப்படிக்கு,
விறகு பிளக்கும் ஒரு வாசகி,
அக்கரப்பத்தனை.