30 செ.மீ என்று போட்டுவிட்டு 36.5 செ.மீ அனுப்பிய பேலன்ஸ் பைக்: பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு புகார்

அனுப்புநர்: இரண்டு வயதுப் பாப்பாவின் அப்பா, கோயம்புத்தூர்
பெறுநர்: குறைதீர் அலுவலர், குழந்தைகள் சைக்கிள் பிரிவு
பொருள்: 3,499 ரூபாய்க்கு வாங்கிய பேலன்ஸ் பைக்கின் (பெடல் இல்லாமல் காலால் தரையை உந்தி ஓட்டுகிற குழந்தைகள் சைக்கிள்) சீட் உயரமும் எடையும் உங்கள் பக்கத்தில் சொன்னபடி இல்லை

வணக்கம்.

உங்கள் சேவை மையத்தில் நான்கு பேரிடம் நான்கு தடவை முதலிலிருந்து கதை சொல்லிவிட்டேன். ஒவ்வொருவரும் "புரிகிறது சார், நோட் பண்ணிக்கொண்டேன்" என்றார்கள், அடுத்தவரிடம் போனால் நோட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. அதனால் இந்தத் தடவை எழுத்தில். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். நானும் 19 நாள் பொறுத்தவன்தான்.

ஜூன் 6-ஆம் தேதி ஆர்டர் போட்டேன், 11-ஆம் தேதி வந்தது. என் மகளுக்கு 2 வயது 2 மாதம். உங்கள் பக்கத்தில் "18 மாதம் முதல் 5 வயது வரை" என்று பெரிய எழுத்தில் இருந்தது, சீட்டின் குறைந்தபட்ச உயரம் 30 செ.மீ என்றும் எடை 2.8 கிலோ என்றும் படத்தின் மேலேயே அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தீர்கள். வயதை நம்பி வாங்கவில்லை, அந்த 30-ஐப் பார்த்துத்தான் வாங்கினேன். ஏனென்று பிறகு சொல்கிறேன்.

பெட்டியைப் பிரித்து, ஹேண்டிலை மாட்டி, சீட்டை அடிவரை இறக்கி, வாசலில் வைத்து பாப்பாவை உட்காரவைத்தேன். கால் எட்டவில்லை. இரண்டு கட்டைவிரல் நுனியும் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்க, குதிகால் அந்தரத்தில். ஒரு கால் ஊன்றினால் இன்னொரு கால் தூக்கிக்கொள்கிறது. நான் பின்னால் பிடித்திருந்த கையை அரை விநாடி தளர்த்தினேன், வண்டியோடு சாய்ந்துவிட்டாள். பெரிய அடி ஒன்றும் இல்லை, பயம்தான். அன்றையிலிருந்து அந்த வண்டியைப் பார்த்தாலே "அது வேணாம்" என்கிறாள். இப்போது அதன் சீட்டில் அவளுடைய டெடி பொம்மை உட்கார்ந்திருக்கிறது, ஹேண்டிலில் என் அம்மா காய்கறிப் பை மாட்டுகிறார்.

அப்புறம்தான் தையல் டேப்பை எடுத்து அளந்தேன். தரையிலிருந்து சீட்டின் மேல்பக்கம் வரை 36.5 செ.மீ. கம்பி முழுவதும் குழாய்க்குள் போய்விட்டது, அதற்குக் கீழே ஒரு இழை இறங்காது. பாப்பாவைச் சுவரோடு நிற்கவைத்து, ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே கவடு வரை உயர்த்தி, அங்கிருந்து தரைவரை அளந்தால் 32 செ.மீ. இந்த வண்டியில் பாதம் முழுவதும் தரையில் பதிய வேண்டும், முட்டி லேசாக மடங்க வேண்டும், அதற்கு சீட் கால் அளவைவிட இரண்டு மூன்று செ.மீ கீழே இருக்க வேண்டும். அதாவது அவளுக்கு 29, 30 செ.மீ. அதனால்தான் உங்கள் 30-ஐ நம்பினேன். 36.5 செ.மீ சீட்டில் உட்கார 39 செ.மீ கால் வேண்டும். உங்களுடைய 18 மாதக் குழந்தைக்கு 39 செ.மீ காலா? ஒட்டகச்சிவிங்கிக் குட்டிக்கு வேண்டுமானால் சரியாக இருக்கும்.

இதைச் சொன்னபோது உங்கள் சேவை மையத் தம்பி ஒருவர் கொடுத்த பதில்தான் என்னை இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. "சார், அந்த 30 செ.மீ கிளாம்ப் வரைக்கும் உள்ள அளவு, சீட் அதில் சேராது" என்றார். கிளாம்ப் என்பது சீட் கம்பியை இறுக்கிப் பிடிக்கிற வளையம். குழந்தை உட்காருவது சீட்டின் மேலா, கிளாம்பின் மேலா? படத்தில் அம்புக்குறியின் நுனி சீட்டின் உச்சியில் இருக்கிறது, ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்கிறேன். தம்பியைத் திட்டவில்லை, அவருக்கு எழுதிக்கொடுத்ததை வாசித்தார். எழுதிக்கொடுத்தவர் யாரோ, அவருக்குத்தான் இது.

அடுத்து பேசிய அம்மணி, "கவலைப்படாதீங்க சார், ரெண்டு மூணு மாசத்துல வளர்ந்துடுவாங்க" என்றார். தீபாவளிச் சட்டையை ஒரு சைஸ் பெரிதாக எடுத்து கையை மடித்துவிடுவது நம் வீடுகளில் வழக்கம்தான், நானும் அப்படி வளர்ந்தவன்தான். இந்த வண்டியில் எதை மடித்துவிடுவது? கால் 7 செ.மீ நீள ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் மூன்றரை வயதைத் தொட்டுவிடுவாள், நேராகப் பெடல் சைக்கிளையே முயன்று பார்க்கலாம். பேலன்ஸ் பைக் உதவுகிற காலமே இரண்டிலிருந்து நாலு வயது வரைதான், அதில் பாதியை "வளர்ந்துவிடுவாள்" என்று காத்திருந்து கழித்தால் நான் எதற்குப் பணம் கொடுத்தேன்?

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இதெல்லாம் தேவையில்லாத பொருள் என்று நான் சொல்வதாக நீங்கள் நினைக்கக்கூடும். என் அம்மா முதல் நாளே கேட்டார்: "பெடல் இல்லாத சைக்கிளுக்கா மூவாயிரத்து ஐந்நூறு? பெடலோட வாங்கினா இதவிடக் கம்மியா வருமே!" நியாயமான கேள்விதான். அம்மாவுக்கு நான் சொன்ன பதில், நாங்கள் சைக்கிள் கற்ற கதை. மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு எடுத்த பெரிய சைக்கிள், சீட்டில் ஏறினால் கால் எட்டாது, அதனால் முதல் இரண்டு நாள் இடது காலைப் பெடலில் வைத்து வலது காலால் தரையை உந்தி உந்தி ஓட்டுவோம். வண்டி சாயாமல் நிற்பது அந்த உந்தலில்தான் உடம்புக்குப் பிடிபட்டது, அப்புறம்தான் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல். பெடல் மிதிப்பது கடைசிப் பாடம், அதை ஒரு சாயங்காலத்தில் கற்றுக்கொண்டோம். முழங்காலில் தழும்பு வாங்கியதெல்லாம் பேலன்ஸுக்காகத்தான். அதே பாடத்தைச் சின்னக் குழந்தைக்குத் தழும்பில்லாமல் சொல்லிக்கொடுப்பதுதான் இந்த வண்டி.

சைக்கிளின் ஆரம்பமே அப்படித்தான். 1817 ஜூன் 12-ஆம் தேதி ஜெர்மனியின் மான்ஹைம் நகரத்தில் கார்ல் ஃபான் டிரைஸ் என்பவர் ஓட்டிக்காட்டிய மர வண்டிக்கு இரண்டு சக்கரமும் திருப்புகிற ஹேண்டிலும் உண்டு, பெடல் கிடையாது. காலால் தரையை உந்தித்தான் போனார். பெடல் வைத்த வண்டி வர 1860-கள் ஆகிவிட்டது.

என் அக்கா மகன் பெங்களூரில் இப்படி ஒரு வண்டியில்தான் பழகினான். முதல் இரண்டு வாரம் சீட்டில் உட்காராமல் வண்டியைக் கவட்டுக்குள் வைத்துக்கொண்டு நடந்தான், அப்புறம் உட்கார்ந்து நடந்தான், அப்புறம் ஓடினான், ஒரு நாள் அபார்ட்மெண்ட் சரிவில் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு சொய்ங்கென்று போனான். யாரும் சொல்லித்தரவில்லை. மூன்று வயது எட்டு மாதத்தில் பெடல் சைக்கிள் கொடுத்தபோது ஒரே மத்தியானத்தில் ஓட்டிவிட்டான், பக்கச் சக்கரத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அதே பழைய வண்டியைத்தான் இப்போது கடன் வாங்கி வைத்திருக்கிறேன். சீட் 28.5 செ.மீ, எடை 3 கிலோ. "அது வேணாம்" என்ற அதே பாப்பா இதில் ஏறி மூன்றாவது நாள் மொட்டைமாடியை இரண்டு சுற்று சுற்றினாள். ஆகவே குறை குழந்தையிடமும் இல்லை, பேலன்ஸ் பைக் என்ற பொருளிடமும் இல்லை. நீங்கள் அனுப்பிய வண்டியில்தான்.

இனி உங்கள் "சமாதானப் பரிசு" பற்றி. மூன்றாவது அழைப்பில், திருப்பி எடுக்க முடியாது, ஆனால் இலவசமாகப் பக்கச் சக்கரம் இரண்டு அனுப்புகிறோம், மாட்டிக்கொண்டால் விழமாட்டாள் என்றார்கள். நிஜமாகவே ஒரு நிமிடம் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். உங்கள் விளம்பரத்தின் முதல் வரியே "பக்கச் சக்கரத்துக்கு டாடா" என்பது! பக்கச் சக்கரம் இருந்தால் வண்டி சாயாது, சாயாத வண்டியில் பேலன்ஸ் எப்படிப் பழகும்? இடது பக்கம் சாய்ந்தால் ஹேண்டிலை லேசாக இடது பக்கமே திருப்பினால் சக்கரம் உடம்புக்கு அடியில் வந்து நிமிர்த்துகிறது, குழந்தையின் கை அதைத் தானாகக் கற்றுக்கொள்வதற்குத்தான் இவ்வளவு ஏற்பாடும். போதாக்குறைக்கு உங்கள் வண்டியின் பின் அச்சில் பக்கச் சக்கரம் மாட்ட இடமே இல்லை. விற்கிற பொருளை ஒரு தடவையாவது கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார்களா என்ற சந்தேகம் எனக்கு அப்போதுதான் வந்தது.

எடைக்கு வருகிறேன். தூக்கும்போதே கனமாகத் தெரிந்தது, ஞாயிற்றுக்கிழமை வந்த பழைய பேப்பர்காரரிடம் அவருடைய கொக்கித் தராசில் மாட்டச் சொன்னேன். 4.6 கிலோ. உங்கள் பக்கத்தில் 2.8. பேப்பர்காரரே சிரித்தார், "இரும்பு நல்லா போட்டிருக்காங்க, விலைக்குத் தர்றீங்களா?" என்று கேட்டார். பாப்பாவின் எடை 11 கிலோ. வண்டி குழந்தையின் எடையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாகச் சொல்கிற கணக்கு. விழுந்த வண்டியைத் தானே தூக்கி நிறுத்த முடிந்தால்தான் குழந்தை மறுபடி ஏறும், இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் "அப்பா" என்று கத்தும்.

டயர் பஞ்சர் ஆகாத இவிஏ ஃபோம், அதாவது காற்றடிக்கத் தேவையில்லாத பஞ்சு போன்ற பிளாஸ்டிக். அதில் எனக்குப் புகார் இல்லை, ஆனால் ஈரத் தரையில் வழுக்குகிறது, அதை ஒரு வரி எழுதியிருக்கலாம். பின் சக்கர அச்சின் போல்ட் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன, அதன் மேல் மாட்டுகிற பிளாஸ்டிக் மூடி ஒரு பக்கம்தான் வந்தது. மூடி இல்லாத பக்கம் அவளுடைய கெண்டைக்காலில் ஒரு கீறல் போட்டிருக்கிறது. இதை இரண்டாவது அழைப்பிலேயே சொன்னேன்.

பெட்டியையும் வண்டியையும் புரட்டிப் பார்த்துவிட்டேன், ஐஎஸ்ஐ முத்திரை எங்கும் இல்லை. 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் அது கட்டாயம். சீட் 43.5 செ.மீக்கு மேல் போகாத குட்டி சைக்கிளையும் பொம்மைத் தரநிலை பொம்மையாகவே எடுத்துக்கொள்கிறது, உங்கள் வண்டியின் சீட்டோ முழுக்க உயர்த்தினாலும் 42தான். முத்திரை எங்கே ஒட்டியிருக்கிறது என்று எனக்கு ஒரு படம் அனுப்புங்கள், இருந்தால் இந்தப் பத்தியை மட்டும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

"பெட்டியைப் பிரித்துவிட்டால் திருப்பி எடுக்கமாட்டோம், அது எங்கள் கொள்கை" என்பதுதான் கடைசியாகக் கிடைத்த பதில். பெட்டியைப் பிரிக்காமல் சீட்டை எப்படி அளப்பது? 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பவர் திருப்பி எடுக்கவோ பணம் கொடுக்கவோ மறுக்கக் கூடாது. புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. என் முதல் மின்னஞ்சல் ஜூன் 12-ஆம் தேதி போனது, இன்று ஜூன் 30, பெற்றுக்கொண்டோம் என்றுகூட ஒரு வரி வரவில்லை.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: 3,499 ரூபாய் முழுவதும் நான் கட்டிய கணக்குக்கே திரும்ப வர வேண்டும். கூப்பன் வேண்டாம், வாலட் பாயிண்ட் வேண்டாம், பக்கச் சக்கரம் நிச்சயமாக வேண்டாம். வண்டியை எடுத்துப்போகிற செலவு உங்களுடையது. அதோடு அந்தப் பக்கத்தில் 30 செ.மீ என்பதை 36.5 என்று மாற்றுங்கள், 2.8 கிலோவையும் மாற்றுங்கள், "18 மாதம் முதல்" என்பதை எடுத்துவிட்டு "கால் அளவு 39 செ.மீ முதல்" என்று போடுங்கள். இன்னொரு அப்பா தையல் டேப்பைத் தேடிக்கொண்டு வீட்டைக் கலைக்க வேண்டாம்.

ஜூலை 12 வரை பார்ப்பேன். அதற்குப் பிறகு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். உங்கள் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் நான் கோயம்புத்தூரிலேயே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. தராசுப் படம், டேப் படம், ஸ்கிரீன்ஷாட், பில் நான்கும் இணைப்பில் உள்ளன. அழைப்புகளின் தேதியும் நேரமும் தனியாக எழுதி வைத்திருக்கிறேன்.

வண்டியை எடுக்க ஆள் அனுப்பினால் காலை பத்தரைக்கு முன்பு அல்லது நாலு மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள். நடுவில் பாப்பா தூங்குவாள், காலிங் பெல் அடித்தால் எழுந்துவிடுவாள். பெட்டியைக் கிழிக்காமல் பரணில் வைத்திருக்கிறேன். வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போன் செய்தால் போதும், டெடியை இறக்கிவிட்டு, காய்கறிப் பையைக் கழற்றிவிட்டு, பேக் செய்து வைத்துவிடுவேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா
கோயம்புத்தூர், 30.06.2025