இரவு வார்டில் எரியும் விளக்கு: மருத்துவமனை நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவமனை நிர்வாகிகளுக்கும் தலைமைச் செவிலியர்களுக்கும்,

வணக்கம். ஒரே ஒரு நோயாளிக்கு இரவு இரண்டு மணிக்கு ரத்த அழுத்தம் பார்க்க வார்டு முழுவதும் டியூப் லைட் போடும் வழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள். தூக்கம் கெடுவது மட்டுமல்ல காரணம்; அந்த வெளிச்சம் உடல் கடிகாரத்தை, அதாவது உறுப்புகளை நேரப்படி இயங்க வைக்கும் ஏற்பாட்டையும் குலைக்கிறது.

மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களின் நரம்புகளும் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்புச் செல்கள் கொண்ட தலைமைக் கடிகாரம் இருக்கிறது. அது தவிர, கல்லீரல், தோல், ரத்தக் குழாய் என ஏறத்தாழ எல்லாத் திசுக்களுக்கும் சொந்தக் கடிகாரம் உண்டு. செல்லுக்குள் குளாக், பிமால்1 புரதங்கள் பெர், கிரை மரபணுக்களை முடுக்கிவிடும். அவற்றிலிருந்து உண்டாகும் புரதங்கள் சேரச் சேர, முடுக்கிவிட்டவற்றையே அடக்கும். பிறகு சிதைந்து மறையும். சுற்று மறுபடி தொடங்கும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 24 மணி நேரம்.

சிக்கல் இங்கேதான். தலைமைக் கடிகாரம் வெளிச்சத்துக்குக் கட்டுப்படும். கல்லீரல் கடிகாரம் பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்துக்குக் கட்டுப்படும். சுண்டெலிகளுக்கு அவை வழக்கமாகத் தூங்கும் பகலில் மட்டும் தீனி கொடுத்தால், சில நாட்களில் கல்லீரலின் நேரம் தலைகீழாகிவிடும், மூளையின் நேரம் அசையாது. ஒரே உடலுக்குள் இரண்டு நேரம் ஓடும்.

காயம் ஆறுவதிலும் இதன் கை இருக்கிறது. காயத்தை மூட நகர்ந்து வரும் நார்த்திசுச் செல்களுக்கு உள்ளே, அவை நகர உதவும் ஆக்டின் என்ற புரத இழைகள் நீள்வதும் குறுகுவதும் கடிகாரப்படி மாறும். 2017-இல் வெளியான ஆய்வில் 118 தீக்காய நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். பகலில் பட்ட காயம் ஆறச் சராசரியாக 17 நாள், இரவில் பட்டதற்கு 28 நாள். பழைய பதிவுகளை வைத்து மட்டும் காரணத்தை உறுதிசெய்ய முடியாதுதான். ஆனால் ஆய்வகச் செல்களும் சுண்டெலித் தோலும் அதே போக்கைக் காட்டியதால் இதைப் பொருட்படுத்துகிறோம்.

ஆகவே விளக்கிலிருந்து தொடங்குங்கள். கண்ணிலிருந்து கடிகாரத்துக்குச் செய்தி அனுப்பும் மெலனாப்சின் நிறமி 480 நானோமீட்டர் அருகேயுள்ள நீல ஒளியைத்தான் அதிகம் பிடிக்கும். அதனால் வெள்ளை விளக்கும் மஞ்சள் விளக்கும் சாதாரண மீட்டரில் ஒரே எண்ணைக் காட்டினாலும் விளைவு ஒன்றல்ல. நிபுணர்கள் பரிந்துரைக்கும் அளவை மெலனோபிக் லக்ஸில் (இந்த நிறமியைத் தூண்டும் வெளிச்சத்தை அளக்கும் அலகு) சொன்னால்: பகலில் குறைந்தது 250, தூங்குவதற்கு முந்தைய மூன்று மணி நேரம் அதிகபட்சம் 10, தூங்கும்போது 1. கூரையடியில் அளக்காதீர்கள், நோயாளியின் கண் இருக்கும் உயரத்தில், அவர் பார்க்கும் திசையில் மீட்டரைப் பிடியுங்கள். பல இடங்களில் நடக்கும் தவறு, இரவை மட்டும் இருட்டாக்குவது. ஜன்னலுக்குத் தள்ளியிருக்கும் படுக்கைக்குப் பகலிலும் வெளிச்சம் போதாது. பகல் மங்கினால் இரவின் சிறு வெளிச்சமும் கூடுதலாகத் தாக்கும். இரவுச் சோதனைக்குத் தரையை நோக்கிய மங்கலான மஞ்சள் விளக்கு போதும். நிலை சீராக உள்ளவர்களுக்கு, மருத்துவர் ஒப்புதலோடு, ரத்த மாதிரி, காய்ச்சல், அழுத்தம் மூன்றையும் ஒரே வருகையில் முடித்துவிடலாம். ஆபத்தான நிலையில் இருப்பவருக்கு இது எதுவும் பொருந்தாது.

மருந்து நேரத்தைக் கண்மூடித்தனமாக மாற்றவும் வேண்டாம். கொலஸ்ட்ரால் குறைக்கும் மருந்துகளில், உடலில் சீக்கிரம் தீரும் சிம்வாஸ்டாட்டினுக்கு இரவு பொருத்தம். அட்டோர்வாஸ்டாட்டினுக்கு எந்த நேரமும் சரி. ரத்த அழுத்த மாத்திரையைக் காலையில் எடுப்பதா இரவில் எடுப்பதா என்று 21,000-க்கும் அதிகமானோரிடம் சோதித்த டைம் ஆய்வு (2022), மாரடைப்பு, பக்கவாதத்தில் வித்தியாசம் காணவில்லை.

இரவு டியூட்டி ஊழியர்களையும் மறக்காதீர்கள். இரவுப் பணிச் சூழலில் வைத்துப் பார்த்த 19 பேரில், இரவிலும் சாப்பிட்டவர்களுக்கு ரத்தச் சர்க்கரை சராசரியாக 6.4 சதவீதம் ஏறியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு ஏறவில்லை. முழுச் சாப்பாட்டை டியூட்டிக்கு முன்பே முடிக்க வசதி செய்து கொடுங்கள். ஷிப்ட் மாற்றினால் காலை, மதியம், இரவு என்ற வரிசையில் மாற்றுங்கள்: மனிதக் கடிகாரம் சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம், தள்ளிப்போவது அதற்கு எளிது.

முதலில் ஒரே ஒரு வார்டில், நண்பகலிலும் இரவு இரண்டு மணிக்கும், ஒவ்வொரு தலையணை அருகிலும் அளந்து எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
உடல் கடிகார ஆய்வில் ஈடுபட்டிருப்போர்