சொட்டு மருந்து விட்டும் தெள்ளு போகவில்லையா?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

மழை தொடங்கியதிலிருந்து நம் அல்சூர் கடைக்கு வருகிறவர்களில் பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். "போன மாசம்தானே நாய் கழுத்தில் தெள்ளுப்பூச்சிக்கு மருந்து விட்டோம், திரும்பவும் சொறியுதே, மருந்து டூப்ளிகேட்டா?" கூட்ட நேரத்தில் நாங்கள் சொன்ன அரைகுறை பதில் போதாது. அதனால்தான் இந்த மடல்.

முதலில் அது தெள்ளா, உண்ணியா என்று பாருங்கள். உண்ணி தோலைக் கவ்விக்கொண்டு அசையாமல் இருக்கும். தெள்ளு மயிருக்குள் ஓடும், தாவும், லேசில் கண்ணில் படாது. வால் அடியில் பேன் சீப்பால் சீவி, வருவதை ஈரமான வெள்ளை டிஷ்யூவில் தட்டுங்கள். கரும்புள்ளியைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கசிந்தால் அது மண் அல்ல, தெள்ளின் கழிவு. அதில் இருப்பது உங்கள் செல்லப்பிராணியின் ரத்தம்தான்.

சரி, மருந்துக்கு வருவோம். நாய் மேல் ஓடுவது மொத்தத்தில் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் வீட்டில் இருக்கிறது. ஒரு பெண் தெள்ளு நாளைக்கு 40, 50 முட்டைகூட இடும். அவை மயிரில் நிற்காமல் நாய் படுக்கும் இடமெல்லாம் உதிரும். முட்டையிலிருந்து வரும் புழு வெளிச்சத்துக்குப் பயந்து சோபா இடுக்கிலும் பாய்க்கு அடியிலும் ஒதுங்கி, உதிர்ந்த கழிவைத் தின்று வளர்ந்து கூடு கட்டிக்கொள்ளும். கூட்டுக்குள் இருப்பதை எந்த ஸ்ப்ரேயும் லேசில் கொல்லாது. மாதக்கணக்கில் அப்படியே கிடந்து, காலடி அதிர்வும் உடல் சூடும் பட்டால் வெளியே வரும். மே லீவுக்கு ஊருக்குப் போய்த் திரும்பி, பூட்டைத் திறந்து ஹாலில் நாலு எட்டு வைத்ததுமே கணுக்காலில் சுருக்கென்று கடிப்பது இதனால்தான்.

ஆகவே ஒரு சொட்டோடு நிறுத்தாதீர்கள். வீட்டிலுள்ள எல்லா நாய்க்கும் பூனைக்கும் பெட்டியில் போட்டிருக்கும் இடைவெளிப்படி மூன்று மாதமாவது விடாமல் போடுங்கள். மருந்துக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்ட வேண்டாம். படுக்கை விரிப்பை 60 டிகிரி சுடுநீரில் துவையுங்கள். சோபா இடுக்கு, கட்டிலடி எல்லாம் வாக்யூம் போட்டு, குப்பையைக் கவரில் கட்டி உடனே வெளியே போட்டுவிடுங்கள். வாக்யூம் இல்லையென்றால் பெருக்கித் துடைத்தாலும் நல்லதுதான், தினமும் செய்ய வேண்டும். இத்தனையும் செய்த பிறகும் சில வாரம் புதுத் தெள்ளு தென்படும். அது கூட்டிலிருந்து வருவது, மனம் தளராதீர்கள்.

பூனை வளர்ப்பவர்கள் இதைத் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள். நாய்க்கான சொட்டு மருந்தில் பாதியைக்கூடப் பூனைக்கு விடவே கூடாது. பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி உள்ள நாய் மருந்து பட்டால் பூனைக்கு நடுக்கம், வலிப்பு வரும், உயிரே போகலாம். தெரியாமல் விட்டிருந்தால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஹெப்பால் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் சிகிச்சை உண்டு. அப்புறம், கற்பூரம் தடவுவது, பூண்டு கொடுப்பது எல்லாம் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு.

மலத்தில் வெள்ளரி விதை மாதிரி ஏதாவது தெரிந்தால், தெள்ளை விழுங்கியதால் வந்த நாடாப்புழுவாக இருக்கலாம். அதற்கு மாத்திரை வேறு, மருத்துவரைக் கேளுங்கள்.

அடுத்த முறை வரும்போது வயதும் எடையும் குறித்துக்கொண்டு வாருங்கள். எட்டு வாரம் ஆகாத குட்டிக்கு நாங்கள் சொட்டு மருந்து தருவதில்லை, சீப்புதான் தருவோம். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் அல்சூர் செல்லப்பிராணிக் கடையினர்
பெங்களூரு