செயலாளர் ஆண்டறிக்கை: செய்திமடலுக்கு வாசகரிடம் கேட்டதும் இனிக் கேட்கப்போவதும்

பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் வேலூர் உறுப்பினர்களுக்கும், குடியாத்தம், வாணியம்பாடி, மேல்விஷாரம், சேர்க்காடு எனப் பல திசைகளிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் செயற்குழுவின் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். செயற்குழுத் தீர்மானங்கள் பதிவேட்டில் உள்ளன. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இந்த அறிக்கையின் பெரும்பகுதி ஒரே வேலையைப் பற்றியது. கல்லூரிப் பணி, ஆய்வுப் பணி பற்றி நாம் நடத்தும் செய்திமடலில் இனி என்னென்ன வர வேண்டும் என்று வாசகர்களையே கேட்கத் தொடங்கியிருக்கிறோம். அந்த வேலை பாதிதான் முடிந்திருக்கிறது.

செய்திமடலில் எழுதுபவர்கள் பெரும்பாலும் பணி நிரந்தரமானவர்கள். படிப்பவர்களோ முதுகலை இறுதியாண்டு மாணவர்கள், சுயநிதிக் கல்லூரியில் வாரம் முழுக்கப் பாடம் எடுத்தபடியே பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்பவர்கள், அரசுக் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்கள். எழுதுபவர் நெட் (உதவிப் பேராசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு) எழுதிய காலத்து விதி வேறு, இன்றைய விதி வேறு. 2022 நவம்பரில் வந்த யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகளோடு எம்.பில். என்ற ஆய்வுப் பட்டம் நின்றது, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற தேசிய அளவிலான கட்டாயமும் போனது. 2024 ஜூன் தேர்விலிருந்து நெட் மதிப்பெண் முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் பயன்படுகிறது. ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைக்காமல், நெட்டின் அடுத்த இரண்டு பிரிவுகளில் (உதவிப் பேராசிரியர் தகுதியோடு முனைவர் பட்டச் சேர்க்கை, சேர்க்கை மட்டும்) தகுதி பெறுபவர்களுக்கு நெட் மதிப்பெண் 70 விழுக்காடு, நேர்காணல் 30 விழுக்காடு. அந்த மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும். 2025 பிப்ரவரியில், நம்பத்தக்க ஆய்விதழ்களைக் காட்டிய யு.ஜி.சி. கேர் பட்டியலும் கைவிடப்பட்டது. இத்தனை மாறியிருக்கும்போது எழுதுபவருக்கு முக்கியமாகப் படுவதை மட்டும் அச்சிட்டால், படிப்பவருக்குத் தேவையானது விடுபட்டுப்போகும்.

நாம் அனுப்பிய முதல் படிவம் பலன் தரவில்லை. அதன் காரணங்களை விவரமாகவே பதிவு செய்கிறேன். துறை அளவில் மாணவர் கருத்துக் கேட்கும் உறுப்பினர்களுக்கும் இவை உதவும்.

கூகுள் படிவத்தில் ஒருவர் ஒரு முறைதான் பதில் அனுப்பலாம் என்ற அமைப்பைப் போட்டிருந்தோம். அதைப் போட்டால் கூகுள் கணக்கில் நுழைந்த பிறகே படிவம் திறக்கும். கல்லூரிக் கணினிக் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர் அங்கேயே விட்டுவிடுவார். வீட்டில் கைப்பேசியில் திறப்பவருக்கோ, தன் பெயர் நமக்குத் தெரிந்துவிடும் என்ற தயக்கம் வரும். நெறியாளரைப் பற்றியோ நிர்வாகத்தைப் பற்றியோ ஒரு வரி எழுத நினைப்பவருக்கு அந்தத் தயக்கம் மிகவும் நியாயமானது. ஒருவரே இரண்டு பதில் அனுப்பினால் வரும் நஷ்டம் சிறிது. பயந்து எழுதாமல் போவதால் வரும் நஷ்டம் பெரிது. இப்போது அந்த அமைப்பை எடுத்துவிட்டோம், மின்னஞ்சல் முகவரி கேட்பதையும் நிறுத்திவிட்டோம்.

அடுத்தது, கேட்ட நேரம். நவம்பரில் பருவத் தேர்வும் விடைத்தாள் திருத்தமும் சேர்ந்து வரும்; ஏப்ரலும் அப்படித்தான். கல்லூரி திறந்து இரண்டு வாரம் கழித்தும், பொங்கல் விடுமுறை முடிந்த கையோடும் கேட்பதே சரி.

எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை கேள்விகளில் இருந்தது. ‘செய்திமடல் எப்படி இருக்கிறது, 1 முதல் 5 வரை மதிப்பிடுக’ என்று கேட்டோம். நம்மவர்கள் மரியாதை கருதி 4 அல்லது 5 போட்டுவிடுவார்கள். அதை வைத்து அடுத்த இதழில் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது. ‘நெட், நேர்காணல் கட்டுரைகள் பயன்பட்டனவா?’ என்று இரண்டை ஒன்றாகக் கேட்டதில், ஆம் என்றவர் எதைச் சொன்னார் என்று பிரிக்க வழியில்லை. ‘என்ன தலைப்பு வேண்டும்?’ என்ற கேள்வியும் அப்படித்தான். அதைக் கேட்டால் எல்லோரும் ‘நெட் வழிகாட்டி’ என்றே எழுதுவார்கள். தேவை மனத்தில் தலைப்பாக நிற்பதில்லை. முட்டி நின்ற இடமாகத்தான் நினைவிருக்கும்.

ஆகவே இரண்டாம் படிவத்தில் விருப்பத்தைக் கேட்கவில்லை, நடந்ததைக் கேட்டோம். கடைசியாக நீங்கள் அனுப்பிய விண்ணப்பம் எது? எந்த இடத்தில் நின்றது? அப்போது யாரிடம் விசாரித்தீர்கள்? கிடைத்த பதில் சரியாக இருந்ததா? இத்துடன் எந்த நிலையில் இருக்கிறீர்கள், எந்தப் பாடம், செய்திமடல் எந்த வழியாகக் கையில் கிடைக்கிறது என்ற மூன்றும் சேர்த்து மொத்தம் ஏழு கேள்விகள். நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகாது. குறியிட வேண்டிய கேள்விகளில் விடைகளின் வரிசையை ஆளுக்கு ஆள் மாற்றி வைத்தோம், ஏனென்றால் முதலில் இருப்பதற்குப் பெரும்பாலும் குறி கூடுதலாக விழும். அதே ஏழு கேள்விகளை ஒரே தாளில் அச்சிட்டு, நூலகங்களுக்கும் தேநீர்க் கடைக்கு அருகிலுள்ள ஜெராக்ஸ் கடைகளுக்கும் கொடுத்தோம்.

இதற்கு வந்த பதில்கள் நம் எழுத்தாளர் குழுவின் கணிப்பைப் பல இடங்களில் மாற்றிவிட்டன. முதலாவது சாதிச் சான்றிதழ். மாநில அரசின் பி.சி., எம்.பி.சி. சான்றிதழை வைத்துக்கொண்டு நெட் விண்ணப்பத்தில் ஓ.பி.சி. (மத்திய அரசின் இதர பிற்படுத்தப்பட்டோர் பிரிவு) என்று நிரப்பிவிடுகிறார்கள். மத்திய அரசுப் பட்டியலும் மாநிலப் பட்டியலும் ஒன்றல்ல. கிரீமி லேயரில் (இடஒதுக்கீடு பெறாத வசதியான பிரிவில்) வராதவர் என்ற சான்று மத்திய அரசு வடிவத்தில், நடப்புக் காலத்துக்கு உரியதாக இருக்க வேண்டும். ஆண்டு வருமான வரம்பு 8 லட்சம் ரூபாய் என்றதும் ஊதியத்தையும் விவசாய வருமானத்தையும் கூட்டிப் பார்த்து, தமக்குக் கிடைக்காது என்று ஒதுங்குபவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கணக்கில் இவ்விரண்டும் சேராது. பெற்றோர் வகிக்கும் அரசுப் பதவியின் நிலை போன்றவை தனியாகப் பார்க்கப்படும். இந்த ஒரு சான்றிதழுக்காக முழு இதழ் ஒதுக்கலாம் என்பது என் கருத்து.

இரண்டாவது, நம் ஊரின் இருப்பிடத்தால் வருவது. காட்பாடியிலிருந்து சித்தூர் கூப்பிடு தூரம், திருப்பதியும் ரயிலில் போய்வரும் தூரம்தான். ஆனால் தமிழ்நாட்டு செட் (மாநில அளவிலான தகுதித் தேர்வு) தகுதி தமிழ்நாட்டுக்குள் மட்டுமே செல்லும். எல்லை தாண்டி உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்க நெட் போன்ற வேறு தகுதி வேண்டும். இதை ஒரு பெட்டிச் செய்தியாகவாவது ஆண்டுதோறும் போட வேண்டும்.

மூன்றாவது, திருமணமாகி வேறு ஊர் போகும் பெண் ஆய்வாளர்கள். ஆய்வையே விட்டுவிடுவதைத் தவிர வழியில்லை என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். 2022 விதிகளில் இதற்கு இடம் இருக்கிறது: பெண் ஆய்வாளர் இடம் மாறும்போது, உரிய நிபந்தனைகளின்படி ஆய்வுத் தரவைப் புதிய நிறுவனத்துக்கு எடுத்துச் செல்லலாம். மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பாக ஆய்வுக் காலம் முழுமைக்கும் 240 நாள் வரை உண்டு. இத்தனை ஆண்டு செய்திமடலில் இதைப் பற்றி நாம் விரிவாக எழுதவில்லை. இது கடுமையான விடுபடல். இந்த ஆண்டிலேயே சரிசெய்ய வேண்டும்.

கேர் பட்டியல் போனபின் எந்த ஆய்விதழை நம்புவது என்ற கேள்வியும் நிறைய வருகிறது. ஐ.எஸ்.எஸ்.என். எண் இருப்பது தரத்துக்குச் சான்றல்ல. அது வெறும் அடையாள எண். பழைய, நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் அப்படியே எடுத்துப் போலி இணையதளம் நடத்துபவர்கள் உண்டு. தேடுபொறி காட்டும் முதல் முகவரியை நம்பாமல், ஐ.எஸ்.எஸ்.என். தளத்திலும் பதிப்பகத்தின் சொந்தத் தளத்திலும் முகவரி ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதைப் படங்களோடு விளக்கி ஒரு கட்டுரை தயாராகிறது.

பார்வைக் குறைபாடுள்ள வாசகர்களின் கோரிக்கை தனியாகச் சொல்ல வேண்டியது. அச்சகத்தில் பழைய எழுத்துருவில் கோத்த இதழை அப்படியே பி.டி.எஃப். ஆக்கி அனுப்பிவந்தோம். அதைத் திரைவாசிப்பான் (திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் மென்பொருள்) படித்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக ஒலிக்கும். சொல் தேடினாலும் கிடைக்காது. வரும் இதழ் முதல், திரைவாசிப்பான் படிக்கக்கூடிய யூனிகோடு எழுத்து வடிவமும் உடன் அனுப்பப்படும். இதை எத்தனை பேர் கேட்டார்கள் என்று செயற்குழு எண்ணவில்லை. ஒருவர் கேட்டாலும் செய்ய வேண்டிய வேலை இது.

விரிவாக எழுதிய பதில்களை இரண்டு பேர் தனித்தனியே வகை பிரித்து, பிறகு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஒருவர் மட்டும் பிரித்தால் தமக்குப் பிடித்த தலைப்பே எங்கும் இருப்பதாகத் தோன்றும். பெயரோ கல்லூரியோ தெரியும்படி எழுதியிருந்தால், வகை பிரிக்கும் முன்பே அந்தப் பகுதியை நீக்கிவிடுகிறோம்.

கேட்டும் செய்யப்போவதில்லை என முடிவானவை இரண்டு. நெறியாளர்களைப் பெயர் சொல்லி மதிப்பிடும் பகுதி வராது. அதற்குப் பதிலாக, நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும் முன் விசாரிக்க வேண்டியவற்றை எழுதுவோம். காலியிடம் இருக்கிறதா என்பது அவற்றில் முதலாவது: ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மேல் நெறிப்படுத்த முடியாது. ஆய்வேடு எழுதித் தருவோம், கட்டுரை வெளியிட்டுத் தருவோம் என்பவர்களின் விளம்பரமும், எவ்வளவு பணம் தந்தாலும், செய்திமடலில் இடம்பெறாது.

இனி உங்களிடம் கேட்பது. பகுதிநேர ஆய்வாளர்களின் பதில்தான் மிகவும் குறைவாக இருக்கிறது. பணிபுரியும் கல்லூரியின் தடையில்லாச் சான்றில் ஆய்வுக்கு அனுமதி, ஆய்வுக்குப் போதிய நேரம், தேவைப்பட்டால் பாடநெறிக் காலத்துக்கு விடுவிப்பு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். இவற்றில் எந்த வாசகத்தைப் பெறுவதில் சிக்கல் வருகிறது என்பது அவர்கள் எழுதினால்தான் தெரியும். ஒவ்வொரு உறுப்பினரும் தம் துறையில் அப்படிப்பட்ட ஒருவரிடமாவது தாளைக் கொடுத்து, எழுதி முடித்ததும் மடித்து ஒட்டி வாங்கி வரவும். வாங்குபவர் பிரித்துப் படிக்கக் கூடாது. தாள்கள் வாசல் மேசையில் உள்ளன. பக்கத்திலேயே பூட்டிய பெட்டி இருக்கிறது. இன்று எழுத முடியாதவர்கள் அடுத்த செயற்குழுக் கூட்டத்துக்குள் கொடுத்துவிட்டால், பொங்கலுக்குப் பின் வரும் இதழில் சேர்த்துவிடலாம்.