அந்த ஐயாயிரத்தை நீ வாங்காமல் இருந்திருக்கலாம், தம்பி

அன்புள்ள தம்பி,

பிரான்சிலேயே இருக்கிறவன் நீ, தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். மெதுவாகவே படி. வாட்ஸாப்பில் பேசி அனுப்பினால் போதாதா என்று உன் அண்ணி கேட்டாள். பேச ஆரம்பித்தால் நீ குறுக்கே பேசுவாய், நான் குரலை உயர்த்துவேன், அப்புறம் ரெண்டு மாசத்துக்குப் பேச்சு நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன். நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. பாகூரில், அரியாங்குப்பத்தில், புதுச்சேரி டவுனில் பிரான்ஸ் சொந்தம் இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இன்றைக்கு நம் வீட்டில் வந்த பிரச்சினை நாளைக்கு அவர்கள் வீட்டுத் திண்ணையிலும் வந்து உட்காரும்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் நீ அனுப்பிய செய்தியை இன்னும் அழிக்கவில்லை. "என் தாத்தா வீட்டுச் சுவரை நான் பூச எவன்கிட்ட பர்மிஷன் வாங்கணும்?" நியாயமான கோபம். ஆனால் நடந்தது சுவரோடு நிற்கவில்லையே.

முதலில் சுவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பர் 30 ஃபெங்கல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அது வடிவதற்குள் சாத்தனூர் அணையைத் திறந்து, தென்பெண்ணைத் தண்ணீர் பாகூர்ப் பக்கமும் கடலூர்ப் பக்கமும் புகுந்தது. முற்றத்தில் முழங்கால் அளவு நின்றது. அதிலிருந்து அந்த மேற்குச் சுவர் உப்புப் பூத்து உதிர்ந்துகொண்டுதான் இருந்தது. நான் ஒரு வருஷம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். நீ பொங்கலுக்கு வந்த மூன்றாம் நாள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பழைய பூச்சைக் கொத்த ஆரம்பித்தாய். சுண்ணாம்புச் சுவருக்கு சிமெண்டு போட்டதுதான் தப்பு, சுவர் மூச்சு விட முடியாமல் போச்சு என்று நீ சொன்னதும், வந்து நின்ற மேஸ்திரி தலையை ஆட்டினார். அதையே அவர் அப்பாவும் சொல்வாராம்.

அடுத்தது அந்த வாசல் அறை பாத்ரூம். நீ பிரான்சில் டைல்ஸ் ஒட்டுகிறவன் என்று தெரியும், ஒட்டிப் பார்த்ததில்லை. நாலு டைல்ஸ் சேருகிற மூலையில் குட்டிக் குட்டிப் பிளாஸ்டிக் சிலுவை வைத்தாய். நம் மேஸ்திரி அந்த இடத்தில் தீக்குச்சி வைப்பவர். உன் ஆரஞ்சு நிற ரசமட்டத்தைக் கையில் வாங்கி, குமிழி நடுவில் வந்து நிற்பதைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் முகத்தில் பொறாமை எதுவும் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகுதான் எதிர்வீட்டுக்காரர் வந்தார். "நம்ம வீட்டுக்கும் அப்படியே ஒட்டிக் கொடுத்துடேன் தம்பி." நீ நாலு நாள் போய் ஒட்டினாய். ஐயாயிரம் கொடுத்தார். நீ வேண்டாம் என்றுகூட ஒரு வார்த்தை சொல்லாமல் வாங்கிச் சட்டைப் பையில் வைத்தாய். அந்த வேலை மேஸ்திரியிடம் மாசி மாதத்துக்கு என்று பேசி வைத்திருந்த வேலை. அவரும் ஒரு சித்தாளும் சேர்ந்தால் ஒரு நாள் கூலி இரண்டாயிரத்தைத் தொடும். உனக்கு அந்த ஐயாயிரம் ஐம்பது யூரோகூடத் தேறாது.

அதற்கடுத்த வாரம்தான் போலீஸ்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். யார் சொல்லி வந்தார் என்று நீ மூன்று முறை கேட்டாய். எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் இங்கே எழுதமாட்டேன். அவர் மரியாதையாகத்தான் கேட்டார். "வெளிநாட்டுக்காரர் தங்கியிருக்காரா? சி ஃபார்ம் போட்டீங்களா?" அங்கே மாட்டியவன் நான்தான். ஓட்டலோ சொந்த வீடோ, வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவரைத் தங்க வைத்தால் 24 மணி நேரத்துக்குள், 'சி படிவம்' என்று பழக்கத்தில் சொல்கிற அந்தப் படிவத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஆன்லைனிலேயே செய்யலாம். என் சித்தப்பா மகன் என் வீட்டில் படுப்பதற்குப் படிவமா என்று அலட்சியமாக இருந்துவிட்டேன். சாயங்காலம் உட்கார்ந்து பதிவு செய்தேன், அவரும் அதோடு விட்டுவிட்டார். ஆனால் கிளம்பும்போது உன் கையைப் பார்த்தார். டைல்ஸ் இடைவெளியில் பூசுகிற வெள்ளை கிரௌட் விரல் இடுக்கில் காய்ந்து கிடந்தது. "சார் டூரிஸ்ட் விசாவா?" என்று மட்டும் கேட்டார். நீ "ஆமா" என்றாய். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஏன் கலக்கியது என்று அன்றைக்கு உன்னிடம் விளக்க முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

சில நாடுகளில் இருப்பதுபோல் 'ஒர்க் பர்மிட்' என்று தனிச் சீட்டு இந்தியாவில் கிடையாது. விசாதான் எல்லாம். நீ வந்த சுற்றுலா விசாவில் ஊர் பார்க்கலாம், சொந்தபந்தத்தைப் பார்க்கலாம், குறுகிய கால யோகா வகுப்புக்குப் போகலாம். சம்பளமோ வேறு எந்தப் பிரதிபலனோ இல்லாத தன்னார்வ வேலையை அதிகபட்சம் ஒரு மாதம் செய்யவும் அதில் இடம் இருக்கிறது. சரி, வேலைக்கான விசா வாங்கி வந்து டைல்ஸ் ஒட்டலாமா என்றால் அதுவும் நடக்காது. தகுதியான இந்தியர்கள் நிறையப் பேர் கிடைக்கிற வேலைக்கு அந்த விசா தருவதில்லை. அதற்கு ஆண்டுச் சம்பளமே 16.25 லட்சம் ரூபாய்க்கு மேல் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சமையல் செய்பவர், மொழி ஆசிரியர் என்று சிலருக்குத்தான் விலக்கு. டைல்ஸ் ஒட்டுகிறவருக்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை.

"ஆரோவில்லில் வெள்ளைக்காரர்கள் மண் வெட்டவில்லையா?" என்று எதிர்வீட்டுக்காரர் உனக்குப் பரிந்து பேசினார். அவர்கள் ஆரோவில் நிறுவனத்தின் பரிந்துரையோடு அதற்கென்று உள்ள விசாவில் வருகிறவர்கள். அந்தக் கணக்கு வேறு.

தாத்தா வீட்டுச் சுவரைப் பேரன் பூசுவதை நான் வேலை என்று சொல்லமாட்டேன். கூலி இல்லை, முதலாளி இல்லை, வீடு இன்னும் பாகம் பிரிக்கப்படவில்லை. வீட்டு வரி ரசீது என் பெயரில் வந்தாலும் உனக்கும் அதில் பங்கு உண்டு. பாத்திரம் கழுவுவதும் தென்னைக்குத் தண்ணீர் விடுவதும் எந்த நாட்டில் குற்றம்? ஆனால் வாசல் அறை பாத்ரூம் கொஞ்சம் இடிக்கிறது. அந்த அறையை வாடகைக்கு விடப்போகிறோம் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தோமே. நாளைக்குக் காசு வரப்போகிற இடம். எதிர்வீட்டு பாத்ரூமில் சந்தேகமே இல்லை. அடுத்தவர் வீடு, உன் தொழில், கைநீட்டி வாங்கிய பணம். 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குடியேற்ற, வெளிநாட்டவர் சட்டத்தில் விசா நிபந்தனையை மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை, மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஐயாயிரத்துக்காக உன்னைச் சிறையில் தள்ளுவார்கள் என்று நான் பயமுறுத்தவில்லை. அடுத்த முறை விசா கேட்கும்போது ஒரு வரி குறிப்பு போதும். அப்புறம் பெரியம்மாவுக்கு ஒன்று என்றால்கூட உன்னால் வந்து நிற்க முடியாது.

கடலூர் ஓல்டு டவுனில் என்னோடு படித்தவன் ஒருவன் தாய்லாந்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே இருக்கிறான். அவன் கதை இன்னும் வேடிக்கை. நாற்று முடியைப் பார்த்தாலே கை பரபரக்கிற விவசாயி வீட்டுப் பையன். மாமியார் வயலில் இறங்கப் போனால் மனைவி வரப்பிலேயே நிறுத்திவிடுவாளாம். அங்கே 2008-ல் போட்ட சட்டம், கூலி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் உடல் உழைப்பையோ அறிவையோ செலுத்தினாலே அது வேலை என்றது. அந்தச் சொற்களை அப்படியே எடுத்துக்கொண்டால் சொந்த வீட்டுக்கு வெள்ளையடிப்பதும் வேலைதான். 2018 திருத்தத்தில் அதைத் தளர்த்தி, தொழிலாகச் செய்வதுதான் வேலை என்று ஆக்கினார்கள். அனுமதி இல்லாமல் செய்தால் 5,000 முதல் 50,000 பாத் வரை அபராதம், பிறகு நாட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள். சட்டம் தளர்ந்தும் அவன் மனைவி தளரவில்லை. இன்னும் வரப்பில் நின்று குடை பிடிக்கிறான்.

இதெல்லாம் உனக்குப் புதிதும் இல்லை. 2016-ல் நான் உன் வீட்டுக்கு வந்தது ஞாபகம் இருக்கிறதா? ஷெங்கன் விசா, சுற்றுலாவுக்கு. உன் கூட வேலை செய்கிற பையன் காய்ச்சலில் படுத்துவிட்டான். "சும்மாதானே இருக்கே அண்ணா, வாயேன்" என்று கூட்டிப் போனாய். மூன்றாம் மாடிக்கு லிஃப்ட் இல்லாத வீடு. இருபத்தைந்து கிலோ டைல்ஸ் பசை மூட்டையை முதுகில் வைத்து ஏற்றினேன். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் தெருவுக்கு எதிர்ப்பக்கம் வெள்ளை வேன் ஒன்று வந்து நின்றது. நீ ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாய். உன் முகம் மாறியது. "மூட்டையைக் கீழே வச்சுட்டுப் போய் காரில் உட்காரு. யாராவது கேட்டா தம்பியைப் பார்க்க வந்தேன்னு மட்டும் சொல்லு."

ஒரு மணி நேரம் காரில் உட்கார்ந்திருந்தேன். குளிரில் பசை விரலோடு சேர்ந்து காய்ந்து, மடக்கினால் தோல் இழுத்தது. கடைசியில் அது யாரோ சோபா இறக்க வந்த வேன். ராத்திரி நீதான் எனக்குப் பாடம் எடுத்தாய். குடும்பத்துக்குள் எப்போதாவது, கூலி இல்லாமல், யாரும் கட்டாயப்படுத்தாமல் செய்கிற உதவியைப் பிரான்சில் வேலையாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், ஆனால் காசு வாங்கிக்கொண்டு செய்கிற இடத்துக்கு ஆளைக் கூட்டி வந்தால் அது மறைமுக வேலை, மூன்று வருஷம் சிறை, நாற்பத்தைந்தாயிரம் யூரோ அபராதம் என்றாய். அத்தனையும் தெரிந்தவன் நீ. பாகூரில் மட்டும் எப்படி மறந்தாய்? அங்கே நான் வெளியாள் என்று உனக்கு உடனே தெரிந்தது. இங்கே நீ வெளியாள் என்பது உனக்கே உறைக்கவில்லை. எனக்கும்தான் உறைக்கவில்லை.

எப்படி உறைக்கும்? நம் இரண்டு அப்பாக்களும் ஒரே திண்ணையில் படுத்தவர்கள். 1962 ஆகஸ்ட் 16-ல் இந்த ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்கிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். சித்தப்பா பட்டாளத்தில் இருந்தார், கையெழுத்துப் போட்டார். என் அப்பா போடவில்லை. அன்றைக்கு நாற்று நடவு இருந்தது, நேரம் இல்லை என்றுதான் கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் விளையாட்டாகச் சொன்னாரா, உண்மையா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஆனால் நம் ஊருக்கென்றே ஒரு வழி சட்டத்தில் இருக்கிறது. 1947 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு இந்தியாவோடு சேர்ந்த பகுதியைச் சேர்ந்தவர்களும், அவர்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரப்பிள்ளைகளும், வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வாங்கலாம். புதுச்சேரி அதில் அடங்கும். நீ வாங்கலாம், உன் மகளும் வாங்கலாம். அது ஆயுள் முழுக்கச் செல்லும் விசா. வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு அலைய வேண்டாம், வேலையும் செய்யலாம். ஓட்டுப் போட முடியாது. விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டம் விலைக்கு வாங்க முடியாது. வாரிசாக வருவதற்குத் தடை இல்லை. பதினைந்து வருஷமாக நான் இதைச் சொல்கிறேன், நீ "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்கிறாய்.

அதனால் நானே ஆரம்பித்துவிட்டேன். தாத்தாவின் டிரங்குப் பெட்டியை இறக்கினேன். அடியில் வேட்டித் துணியில் சுற்றி, பிரெஞ்சில் எழுதிய அவருடைய பிறப்புச் சான்றிதழ் இருந்தது. ஓரம் கரையான் தின்றிருக்கிறது, பெயரும் பாகூரும் தெளிவாகத் தெரிகின்றன. ஸ்கேன் செய்து அனுப்புகிறேன். பாரீஸ் தூதரகத்துக்கு விண்ணப்பம் போடுகிற வேலை உன்னுடையது.

அந்த ஐயாயிரத்தை நீ உன் அண்ணியிடம் கொடுத்துவிட்டுப் போனாய் அல்லவா, அதை எதிர்வீட்டில் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கமாட்டேன் என்று அடம்பிடித்து, கடைசியில் மேஸ்திரியைக் கூப்பிட்டுத் தன் வீட்டுத் தரைக்கு முன்பணமாகக் கொடுத்தார். மேஸ்திரி இப்போது நம் வீட்டுக்கும் வந்து டீ குடித்துவிட்டுப் போகிறார்.

ஒன்று மட்டும் உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும். பாத்ரூமில் தண்ணீர் வடிய வாட்டம் பத்தவில்லை. உங்கள் ஊரில் ஷவருக்கு அது போதும் போலிருக்கிறது, நாங்கள் பக்கெட்டில் மொண்டு ஊற்றுகிறவர்கள். கதவு மூலையில் தட்டு அகலத்துக்குத் தண்ணீர் தேங்குகிறது. உடைத்துச் சரி பண்ணிக் கொடுங்கள் என்று மேஸ்திரியிடம் கேட்டேன். குனிந்து இரண்டு விரலால் டைல்ஸ் சேருகிற அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தார். "இதைப் போய் உடைக்கறதா? தம்பி வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்புடன்,
அண்ணன்
பாகூர்