பிரேக்கர் விழுந்த கதை

டேய் மச்சான்,

உன் லெட்டர படிச்சு சிரிச்சுட்டேன்டா, கேம்ப்ல நிறுத்துன கேரவன்ல ஏசி ஓடுறப்ப கெட்டில போட்டு பிரேக்கர் விழுந்து, ராத்திரில டார்ச்ச எடுத்துட்டு கேம்ப் கரண்ட் போஸ்ட் வரைக்கும் நடந்திருக்க பாரு, அந்த நடை நானும் நடந்தவன்தான். முட்டி வலி இப்ப பரவால்ல, கேட்டிருந்தியே.

ஜெனரேட்டர் வாங்கப்போறேன்னு எழுதிருக்க, அவசரப்படாத. ஷோர் பவர், அதான் அந்த போஸ்ட்லேர்ந்து வண்டிக்கு வர்ற கரண்ட், 6 ஆம்பியர், 230 வோல்ட்ல 1380 வாட்தான். ஏசி 900, கெட்டில் 1500, சேத்தா 2400, சரி, ஆனா எவ்ளோ நேரத்துக்கு? அஞ்சு நிமிஷம்! அதுக்குப் போயி ஒரு ஜெனரேட்டரா? குறையுற 1000 சொச்சம் வாட்ட பேட்டரி குடுத்தா முடிஞ்சுது, அஞ்சு நிமிஷத்துக்கு 12 வோல்ட் பேட்டரில ஒரு 8 ஆம்பியர்-ஹவர் கூட போகாது.

ஆனா சாதா இன்வெர்ட்டர் வாங்கிடாத, நான் முதல்ல அப்டித்தான் ஏமாந்தேன், அது ஒண்ணு ஷோர், இல்லேன்னா பேட்டரின்னு மாத்தி மாத்தி விடுமே தவிர ரெண்டையும் சேக்காது. பவர் அசிஸ்ட் இருக்கிற இன்வெர்ட்டர்-சார்ஜரா பாரு. போஸ்ட்லேர்ந்து எத்தன ஆம்பியர் எடுக்கலாம்னு அதுல செட் பண்ணிடலாம், லோடு அதத் தாண்டுனா ஷோர் கரண்டோட அலையோடயே தன் அலைய ஒட்ட வெச்சு மிச்சத்த பேட்டரிலேர்ந்து போடும், ஏசி கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆகுற அந்த ஒரு இழுப்பையும் சேத்து தாங்கிடும். லோடு எறங்குனா மீதி கரண்ட்டுல அதுவே பேட்டரிய சார்ஜ் பண்ணிக்கும். நான் 5 ஆம்பியர்னு கொஞ்சம் கம்மியாவே வெச்சிருக்கேன்.

இத வெச்சு மொத்த கரண்ட் கூடும்னு மட்டும் நெனச்சுடாத. ஒரு ராத்திரி ஏசியும் வாட்டர் ஹீட்டரும் விடாம ஓடவிட்டுத் தூங்கிட்டேன், பேட்டரி காலி, இன்வெர்ட்டர் கைய விரிச்சுது, பிரேக்கர் விழுந்துச்சு, மறுபடி அதே டார்ச் அதே நடை. சராசரி லோடு லிமிட்டுக்குள்ள இருக்கணும்டா.

அப்புறம் கேபிள்ல கஞ்சத்தனம் பண்ணாத, 12 வோல்ட்ல 1000 வாட்னா லாஸெல்லாம் சேத்து 90 ஆம்பியருக்கு மேல ஓடும், ஒயர் மெல்லிசா இருந்தா சூடாகி உருகிடும், பேட்டரி பக்கத்துலயே ஃபியூஸும் போட்டுடு. உன் லித்தியம் பேட்டரி மேல ஒட்டிருக்கிற லேபிள ஒரு போட்டோ புடிச்சு அனுப்பு, டிஸ்சார்ஜ் எத்தன ஆம்பியர் தாங்கும்னு பாத்துட்டுதான் எந்த சைஸ் இன்வெர்ட்டர்னு சொல்லமுடியும்.

உன் பழைய ரூம்மேட்