வராத குழந்தைகளின் கணக்கு

அன்புள்ள மாலதி,

குழந்தைகள் இதய அறுவைப் பிரிவுக்கான உன் திட்ட வரைவு வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாததற்குத் திட்டித் தீர்த்துக்கொள், ‘கல்வெட்டு’ என்று பெயர் வாங்கிய எனக்குப் பழக்கம்தான். நலம் விசாரிப்பெல்லாம் போனில்.

ஆண்டுக்கு 40,000 பிறப்பு என்கிறாய். ஆயிரத்துக்கு 8 என்று வைத்தாலே பிறவி இதயக் கோளாறு 320 வர வேண்டும். உன் பதிவேட்டில் 140. அதை வைத்து ‘இப்பகுதியில் பாதிப்பு குறைவு’ என்று வேறு எழுதியிருக்கிறாய்! நம் தாடிக்காரப் பேராசிரியர் பார்த்திருந்தால் சிவப்பு மை ஒரு பாட்டில் காலி. குறைவாக இருப்பது நோய் இல்லையடி, அதைக் கண்டுபிடிக்கும் எக்கோ, அதாவது இதய ஸ்கேன்.

வகைவாரியாகப் பிரித்துப் பார். டிஜிஏ (இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெருங்குழாய்களும் இடம் மாறியிருப்பது) பத்தாயிரத்துக்கு 3 என்றாலும் 12 வரணும், உன்னிடம் 2. கருவிலேயே தெரிந்து கலைத்தவை ஒன்றிரண்டு இருக்கலாம். மீதி? முதல் வாரத்திலேயே நீலம் பாரித்து, ‘செப்சிஸ்’ (கிருமித் தொற்று) என்று இறப்புச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போயிருக்கும். மாலதி, உன் பட்டியல் உயிரோடு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்த குழந்தைகளின் பட்டியல். அதை நோயின் அளவு என்று நம்பினால், இறந்தவர்களுக்குப் படுக்கை தேவையில்லை என்றுதானே கணக்கு சொல்லும்? பச்சிளங்குழந்தை இறப்புப் பதிவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார். வெளியூரிலிருந்து ரெஃபர் ஆனவர்களைத் தாயின் முகவரி பார்த்துக் கழித்துவிடு.

விஎஸ்டியில், அதாவது இதயத்தின் கீழறைகளுக்கு நடுச்சுவரில் இருக்கும் ஓட்டையில், நேர் எதிர்ப் பிசகு. எக்கோ கூடினால் தசைச்சுவரில் சின்னச் சின்ன ஓட்டையாகக் கொட்டும். பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். அவை ஓபி கணக்கு, தியேட்டர் கணக்கில் சேர்க்காதே. மொத்தம் 320-இல் கால்வாசி, அதாவது சுமார் 80 பேருக்குத்தான் முதல் வயதுக்குள் சிகிச்சை வேண்டும். அவர்களையும் ஒரே வரிசையில் நிறுத்த முடியாது. டிஜிஏவுக்கு முதல் இரண்டு மூன்று வாரம்தான்; தாண்டினால் இடது வென்ட்ரிக்கிள் (கீழறை) பலம் இழந்துவிடும். பெரிய விஎஸ்டி ஆறு மாதத்துக்குள். ஏஎஸ்டி (மேலறைச் சுவர் ஓட்டை) மூன்று, நாலு வயதுவரை பொறுக்கும்.

ஐசியு பக்கத்தில்தான் எனக்குக் கோபமே வந்தது. 200 அறுவைக்கு 2 படுக்கையா? தங்கும் நாளுக்கு மீடியன் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) 3-ஐ எடுத்திருக்கிறாய். மாதக்கணக்கில் கிடக்கிற நாலு குழந்தைகள் மீடியனில் தெரியவே மாட்டார்கள். சராசரி 6 என்று நீயே பின்னிணைப்பில் போட்டிருக்கிறாய். 1200 படுக்கைநாள், 365-ஆல் வகுத்தால் 3.3, 80 சதவீதம் நிரம்பும் என்று வைத்தால் 4.1. ஐந்து கேள். முழுக்க நிரம்பிய ஐசியுவில் நள்ளிரவில் வரும் டிஜிஏவை எங்கே படுக்க வைப்பாய்?

ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் திட்டம் சரி: வலது கை, ஒரு கால், பிறந்து 24 மணி நேரம் கழித்து. 90 சதவீதத்துக்குக் கீழே என்றால் காத்திராமல் எக்கோ. ஆனால் கோஆர்க்டேஷன் (பெருந்தமனி குறுகியிருப்பது) இதில் நழுவும். தொடை நாடியைத் தொட்டுப் பார்ப்பதையும் படிவத்தில் சேர். அறுவை வரை குழந்தையைத் தாங்க வைக்கும் புரோஸ்டாகிளாண்டின் மருந்து வாங்க எழுதியவள், அதை வைக்க ஃபிரிட்ஜும், அந்த மருந்தால் மூச்சு நின்றால் கையால் அழுத்திக் காற்று கொடுக்க ஆம்புலன்ஸில் பேக்-மாஸ்க்கும் எழுத மறந்துவிட்டாய்.

திருத்தியதை அனுப்பு. கூடவே ஒரு சந்தேகம்: அந்த 40,000-இல் செத்துப் பிறந்தவை சேர்த்தியா, இல்லையா?

உன்,
கல்வெட்டு